ஈரப்பதம் ஐம்பது

எனக்குக் கிரேக்கம் தெரியாது.
குளிர்சாதனம் தெரியும்.
பீச் தெருவில் பழைய வங்கிக் கட்டடத்தின் மாடியில்
நாற்பது நாள் கண்காட்சிக்கு
ஒரு கண்ணாடிப் பெட்டியின் காற்றை
ஐம்பது விழுக்காட்டில் நிறுத்திவைப்பது என் வேலை.

பெட்டிக்குள்
பேருந்துச் சீட்டைவிடக் கொஞ்சம் பெரிய
பழுப்பு நாணல் துண்டு.
ஆயிரத்தெழுநூறு வயது என்கிறார்கள்.
எகிப்தில் ஏதோ ஊரின் குப்பைமேட்டில்
மீன்முள்ளோடும் அறுந்த செருப்போடும் கிடந்ததாம்.
மணல் காய்ந்திருந்ததால் பிழைத்ததாம்.

பினாங்கில் போட்டிருந்தால்?
இந்த ஊரை எனக்குத் தெரியும்.
உப்பு ஜாடியில் அரிசி போட்டு வைக்கும் ஊர்.
இரண்டு வாரம் போடாத சப்பாத்து
பச்சையாய்ப் பூக்கும் ஊர்.
கடவுளே கைப்பட எழுதிக் கொடுத்திருந்தாலும்
மூன்று மழை தாங்காது.

முனைவர் ஐரீன் கூ உருப்பெருக்கியோடு வந்தார்.
ஆறு வரி. எல்லா வரியும் இரு பக்கமும் கிழிந்தது.
சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியே விடாமல்
எறும்புச் சாரை மாதிரி எழுத்து.
ஓரிடத்தில் இரண்டெழுத்து, மேலே ஒரு கோடு.
அது இயேசுவாம். சுருக்கித்தான் எழுதுவார்களாம்.
எந்த நற்செய்தி, எந்த இடம் என்பதில்
படித்தவர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லையாம்.
"சுருக்காமல், சிதையாமல் பிழைத்த சொல் ஒன்றே ஒன்று."
தொடாமல் காட்டினார்.
"கை."

நான் என் கையைப் பார்த்தேன்.
எழுதினவன் கையா, ஆணி இறங்கின கையா என்று கேட்டேன்.
தமிழில் கை என்றால் என்னவென்று சொன்னதும் சிரித்தார்.
"இல்லை, மலாயில் நாம் 'டான்' சொல்வோமே, அது.
இதோடு அது. அதோடு இன்னொன்று."

நம்மிடம் அதற்குத் தனிச் சொல் இல்லை என்பது
ஃபெர்ரியில் வீடு திரும்பும்போதுதான் உறைத்தது.
'மற்றும்' இருக்கிறதே என்பீர்கள்.
அது அரசாங்கக் கடிதத்தில் வரும், வாயில் வராது.
நமக்கு 'உம்'.
தனியே நிற்காது, எதன் முதுகிலாவது ஏறினால்தான் உயிர்.
ஏறிவிட்டாலோ இன்னொன்று வந்தே தீர வேண்டும்.
சோறும் என்று யாராவது சொன்னால்
காது குழம்புக்குக் காத்திருக்கிறது.

ஜெசிந்தா ஜொகூரிலிருந்து அனுப்பிய கடைசிச் செய்தி
பதினோரு வாரமாய் என் தொலைபேசியில் இருக்கிறது.
"நீயும்"
அவ்வளவுதான். முற்றுப்புள்ளிகூட இல்லை.
நீயும் நானுமா,
நீயும் உன் மிஷினுமா,
நீயும் ஒரு மனுஷனா.

முப்பத்தோராம் நாள் இரவு மின்சாரம் போனது.
நல்ல மழை. ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது.
ஐம்பத்திரண்டு. ஐம்பத்தைந்து.
காவலாளி ஹம்டான் டார்ச்சோடு ஓடிவந்தார்.
பெட்டிமேல் அடிக்காதீர்கள், அதற்கு வெளிச்சம் ஆகாது என்றேன்.
அணைத்தார்.

இருட்டில் இரண்டு பேர்
பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.
அவர் தம் வேதத்திலிருந்து எதையோ மெல்ல ஓதிக்கொண்டிருந்தார்.
எனக்கு மனப்பாடமாய் ஒன்றும் இல்லை.
மூச்சும் ஈரம் என்பதால்
முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டேன்.

ஐம்பத்தெட்டில் விளக்கு வந்தது.
துண்டு அப்படியே இருந்தது.
இடப்பக்கம் கிழிசல், வலப்பக்கம் கிழிசல்,
நடுவில் கை.

பதிவேட்டில் நேரம் எழுதினேன். அளவு எழுதினேன்.
மலாயில் நிரப்ப வேண்டிய 'காரணம்' கட்டத்தில்
தன்னையறியாமல் தமிழில்
மழையும்
என்று எழுதிவிட்டுப்
பேனாவை எடுக்காமல் நின்றேன்.